ஐம்பத்தேழு நிமிடம்

என் நாத்தனாரும் நானும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டு, பதினெட்டு நாள் பேசாமல் இருந்தோம். நடுவில் மாட்டிக்கொண்டவர் என் வீட்டுக்காரர். "உப்பு டப்பாவை உங்க அக்காகிட்ட குடுங்க" என்று நான் சொல்வேன். "வேணாம்னு உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு" என்பார் நாத்தனார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு முழம்கூட இருக்காது. நாலாவது நாள் என் வீட்டுக்காரர் உப்பு டப்பாவைத் தன் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். வீட்டுக்குக் கீழே தையல்கடை வைத்திருக்கும் மனிதர். இரண்டு பக்கமும் கிழியாமல் நடுவில் தையல் போட்டே பழகியவர்.

சண்டைக்குக் காரணம் ஒரு எண். இருபத்திரண்டு.

நாங்கள் வேலை பார்ப்பது பெயிண்ட் தொழிற்சாலையில். மூன்று பெரிய கலவைத் தொட்டிகள், நாற்பது நிறங்கள். ஒரு நிறத்தைக் கலக்கி இறக்கிய பிறகு அதே தொட்டியில்தான் அடுத்த நிறம். வெள்ளை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று வெளிறியதிலிருந்து அடர்ந்ததை நோக்கிப் போனால் இடையில் லேசாக அலசினால் போதும். கறுப்புக்குப் பிறகு வெள்ளை வேண்டுமென்றால் முழுக் கழுவல். ஆள் உள்ளே இறங்கி, தின்னர் போட்டுச் சுவரெல்லாம் தேய்த்து எடுக்க வேண்டும். ஓரத்தில் கொஞ்சம் கறுப்பு தங்கிவிட்டால் தொட்டி நிறைய வெள்ளையும் சாம்பலாகிவிடும்.

எந்தத் தொட்டியில், எந்த நிறத்துக்குப் பிறகு எந்த நிறம் என்று நாள்தோறும் முடிவு செய்வது என் வேலை. நான் கணிதம் படித்தவள். எனக்கு முன்னால் இதைப் பென்சிலும் ரப்பருமாகச் செய்துகொண்டிருந்தார்கள். நான் ஒரு மாடல் எழுதினேன். ஆர்டர்கள், அவற்றின் கெடு, தொட்டிகளின் கொள்ளளவு, ஒவ்வொரு நிறமாற்றத்துக்கும் ஆகும் நேரம் என எல்லாவற்றையும் சமன்பாடுகளாக உள்ளே கொடுத்துவிட்டால், கோடிக்கணக்கான வரிசைகளுக்குள் தேடி, எந்த நிபந்தனையையும் மீறாமல் தாமதம் மிகக் குறைவாக வரும் வரிசையை அது கண்டுபிடித்துத் தரும். வாரத்துக்குப் பதினைந்து ஆர்டர் தாமதமாகிக்கொண்டிருந்த இடத்தில், முதல் மாதமே அது இரண்டாகக் குறைந்தது. மேனேஜர் என்னை எல்லோர் முன்னிலையிலும் எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதே மாதம் முழுக் கழுவல் நாளைக்கு நாலிலிருந்து பதினொன்றாக ஏறியதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனேன். ஒரு முழுக் கழுவலுக்கு இருபத்திரண்டு நிமிடம் என்று கோப்பில் இருந்தது. அவ்வளவு மலிவாகக் கிடைக்கும் ஒன்றை மாடல் வாரி இறைக்கத்தான் செய்யும்.

தொட்டி கழுவும் ஆறு பெண்களுக்குத் தலைவி என் நாத்தனார். நான் வருவதற்குப் பல வருஷம் முன்பே அங்கே சேர்ந்தவர். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை, தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது, 'கணக்கு' என்றுதான். அதில் பெருமை பாதி, கிண்டல் பாதி.

ஒரு நாள் காலை அவர் பூட்ஸோடு நேராகத் திட்டப் பிரிவுக்கு வந்துவிட்டார். துடைத்து வைத்த தரையில் சிவப்புத் தடம்.

"கணக்கு, இந்தத் தாள் நீ எழுதினதுதானே?"

"நான் எழுதல அண்ணி. மாடல் குடுத்தது."

"மாடலா? எங்க இருக்காரு அவரு? கூப்பிடு, ரெண்டு வார்த்தை பேசணும்."

பக்கத்து மேசைகளில் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

"பதினோரு தடவை உள்ள இறங்கச் சொல்லுது. சாப்பிட உட்கார முடியல. உன் மாடலுக்கு மூக்குன்னு ஒண்ணு இருக்கா?"

"ஒரு கழுவலுக்கு இருபத்திரண்டு நிமிஷம். பதினொண்ணுன்னாலும் மொத்தம் நாலு மணி நேரம்தான் அண்ணி வருது. அளந்துதான் போட்டிருக்கு."

"யாரு அளந்தா?"

"கோப்புல இருக்கு."

"அந்தக் கோப்பு தொட்டிக்குள்ள இறங்கிச்சா?"

மறுபடியும் சிரிப்பு. அப்போது நான் சொன்னதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. "அண்ணி, இது வீடில்ல. ஏதாவது சொல்லணும்னா சூப்பர்வைசர் மூலமா எழுதிக் குடுங்க."

அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். பேச்சு நின்றது அன்றைக்குத்தான்.

பதினேழாவது நாள் மத்தியானம் இரண்டாம் தொட்டியில் சிட்டு மயங்கி விழுந்தாள்.

சிட்டு அந்த ஆறு பேரில் மிக ஒல்லியானவள். தொட்டியின் மேல்வாய் குறுகல் என்பதால் பாதி நேரம் அவளைத்தான் இறக்குவார்கள். உள்ளே இறங்குவதற்கு முன் ப்ளோயரைப் போட்டு இருபது நிமிடம் நச்சுக் காற்றை வெளியேற்ற வேண்டும் என்பது விதி. அன்றைக்கு அடுத்த நிறத்துக்கான மூட்டைகள் தொட்டியருகே வந்து இறங்கிவிட்டன. கலக்குகிறவர் கையைக் கட்டிக்கொண்டு காத்து நின்றார். ப்ளோயரைப் போட்ட மூன்றாவது நிமிடமே அவள் இறங்கிவிட்டாள். மேலே கயிற்றைப் பிடித்திருந்த என் நாத்தனார் ஏதோ கேட்டிருக்கிறார், பதில் வரவில்லை. கயிற்றை இழுத்தால் கனக்கிறது. மூன்று பேர் சேர்ந்து அவளை மேலே கொண்டுவந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது.

பிழைத்துக்கொண்டாள். இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தாள். தலைவலி மட்டும் பல வாரம் விடவில்லை.

மறுநாள் விசாரணை. மேனேஜர் விதிப் புத்தகத்தைத் திறந்து மேசையில் வைத்தார். "இருபது நிமிஷம் ப்ளோயர் போடணும்னு தெளிவா எழுதியிருக்கு. கீழ என் கையெழுத்தும் இருக்கு. நீங்க போடல. அப்புறம் கம்பெனி என்ன பண்ணும்?"

அந்த ஆறு பேரில் வந்திருந்த ஐந்து பேரும் சுவரோரமாக நின்றார்கள். உட்காரச் சொல்லி யாரும் நாற்காலி போடவில்லை. என் மனதுக்குள் கணக்கு ஓடியது. ப்ளோயருக்கே இருபது நிமிடம் போனால், என் தாளில் தேய்ப்பதற்கு மிச்சமிருப்பது இரண்டு நிமிடம். இதைச் சொல்ல வேண்டியவள் நான்தான். வாயைத் திறக்கவில்லை. என் நாத்தனார் மேனேஜரைப் பார்க்கவே இல்லை. கூட்டம் முடியும் வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதேன். அவர் துணியில் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்: "இருபத்திரண்டுன்னு அளவு எடுத்தவன் யாரு?"

"நான் சேர்றதுக்கு முன்னாடி யாரோ ஒருத்தர்."

"அடுத்தவன் எடுத்த அளவுல நான் துணி வெட்ட மாட்டேன்" என்றார். அவ்வளவுதான்.

காலையில் முதல் வேலையாகப் பழைய கோப்பைத் தேடி எடுத்தேன். ஸ்டாப்வாட்சோடு வந்து போன ஒருவரின் குறிப்பு, ஒரே ஒரு பக்கம். ஆள் தொட்டிக்குள் இறங்கியதும் கடிகாரத்தை ஓடவிட்டிருக்கிறார். வெளியே வந்ததும் நிறுத்தியிருக்கிறார். ப்ளோயர் ஓடிய நேரம் கணக்கில் இல்லை. வாயு அளவு பார்த்ததும் கயிறு கட்டியதும் இல்லை. அளந்தது மூன்றே தடவை. பக்கத்தில் ஒருவர் கடிகாரத்தோடு நின்றால் யார்தான் ஓடி ஓடி வேலை செய்ய மாட்டார்கள்? அந்த ஒரு பக்கத்தை நம்பி நான் ஒரு வருஷம் அட்டவணை போட்டிருந்தேன்.

தொட்டிப் பிரிவுக்குப் போனேன். ஐந்து பேரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"அண்ணி, நான் உள்ள இறங்கணும்."

பதினெட்டு நாளில் அவரிடம் நேராகச் சொன்ன முதல் வாக்கியம் அது.

"எதுக்கு? சூப்பர்வைசர்கிட்ட எழுதிக் குடுத்தியா?"

"தப்பு என்னுதுதான். நான் இறங்கணும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வாய் குறுகல். உன் இடுப்பு நுழையுமான்னு உன் மாடலைக் கேட்டுட்டு வந்தியா?" ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பிறகு அவரே மேலங்கியையும் முகமூடியையும் எடுத்து என் கையில் திணித்தார். கயிற்றை என் இடுப்பில் சுற்றி, முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். "ஏதாவது ஒரு மாதிரி இருந்தா உடனே ரெண்டு இழுப்பு இழு. வீம்பு பண்ணாத. அப்புறம் என் தம்பிக்கு யாரு பதில் சொல்றது?"

இருபது நிமிடம் ப்ளோயர் ஓடிய பிறகும் உள்ளே இறங்கியதும் தொண்டை எரிந்தது. கையிலிருந்த விளக்கு வெளிச்சத்தில் சுவர் முழுக்கப் பழுப்பு நிறம் தோலாகப் படிந்திருந்தது. பிரஷால் தேய்த்தால் சுருண்டு வந்து முழங்கை வரை ஒட்டியது. கலக்கும் தண்டின் அடியில் கைவிட்டுத் தேய்க்கத் தரையில் கிட்டத்தட்டப் படுக்க வேண்டியிருந்தது. பாதியிலேயே கண்ணில் நீர் வழிந்து எதுவும் தெரியவில்லை. மீதியை அண்ணிதான் இறங்கி முடித்தார். நான் மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தேன். மூடி திறந்ததிலிருந்து மூடி மூடும் வரை ஐம்பத்தொன்பது நிமிடம்.

விபத்து நடந்த வாரம் என்பதால் விதிப்படி வேலை செய்வதை யாரும் தடுக்கவில்லை. அடுத்த ஆறு நாளில் பதினான்கு கழுவல்களை அளந்தேன். ப்ளோயர் இருபது, வாயு அளவும் கயிறும் ஐந்து, தேய்ப்பது இருபத்துநாலு, துடைத்து வெளியே வருவது எட்டு. சராசரி ஐம்பத்தேழு. தொழிற்சாலையில் இருந்தது ஒரே ஒரு ப்ளோயர். ஆள் வெளியே வரும் வரை அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் இரண்டு தொட்டியை ஒரே நேரத்தில் கழுவவும் முடியாது. பதினொன்றை ஐம்பத்தேழால் பெருக்கினேன். அறுநூற்று இருபத்தேழு நிமிடம். எங்கள் வேலை நாளே அறுநூறு நிமிடம்தான். ஒரு வருஷமாக நான் அவர்களிடம் கேட்டது, ஒரு நாளுக்குள் அடங்காத வேலையை. அவர்கள் அதை அடக்கிக் காட்டியது சாப்பாட்டு நேரத்தையும் ப்ளோயர் நேரத்தையும் விட்டுக்கொடுத்துத்தான்.

மாடலில் இருபத்திரண்டை அழித்து ஐம்பத்தேழு என்று போட்டேன். 'ப்ளோயர் ஒன்றுதான்' என்பதையும் ஒரு நிபந்தனையாக எழுதி ஓடவிட்டேன். கழுவல் இப்போது விலை ஏறிய பொருள், மாடல் சிக்கனமாகிவிட்டது. கறுப்பு, பழுப்பு வகைகளையெல்லாம் ஒரே தொட்டிக்கு ஒதுக்கியது, வெள்ளையை இன்னொன்றிலிருந்து நகர்த்தவே இல்லை. பதினொரு கழுவல் ஐந்தானது. உற்பத்தி நூற்றுக்கு மூன்றுதான் குறைந்தது. தாமதமாகும் ஆர்டர் வாரத்துக்கு ஒன்பது. எந்த நிபந்தனை கழுத்தைப் பிடிக்கிறது என்றும் மாடலிடம் கேட்டேன். ப்ளோயர் என்றது. இன்னொரு ப்ளோயர் வாங்கினால் ஒன்பது ஐந்தாகும்.

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனேன். அவர் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்தார்.

"ரெண்டா இருந்தது ஒன்பதா? இதைக் காட்டவா வந்தீங்க? மேல நான் என்ன சொல்றது?"

"அந்த ரெண்டு நிஜமில்ல சார். உள்ள தப்பான எண் இருந்தது."

"பழைய எண்ணையே போடுங்க."

"மாட்டேன் சார்."

அவர் நிமிர்ந்தார். நானே அதை எதிர்பார்க்கவில்லை. குரல் என்னுடையதுதானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

"ஒரு எண்ணுக்கு ஏம்மா இவ்வளவு பிடிவாதம்?"

"அந்த எண்ணுலதான் சார் ஒருத்தி மயங்கி விழுந்தா. விதிப் புத்தகத்துல இருபது நிமிஷம் ப்ளோயர்னு கையெழுத்துப் போட்டீங்க. என் தாள்ல மொத்தமே இருபத்திரண்டுன்னும் கையெழுத்துப் போட்டீங்க. ரெண்டுல எது நிஜம்? ஒண்ணைக் கிழிச்சுப் போட்டுருங்க, நான் போயிடறேன்."

"நீங்க திட்டப் பிரிவு. பாதுகாப்பு உங்க வேலை இல்ல."

"உங்களுக்கு வேணும்னா நீங்களே அந்த எண்ணைப் போடுங்க சார். என் கையால போட மாட்டேன்."

அவர் போட்டார். சொந்தக் கையால் இல்லை. தன் உதவியாளரைக் கூப்பிட்டு என் மேசையிலேயே உட்கார்ந்து மாற்றச் சொன்னார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் போன பிறகு என்னால் முடிந்ததைச் செய்தேன். 'தயாரித்தவர்' என்ற இடத்திலிருந்து என் பெயரை எடுத்தேன். ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் ஒரு வரி அச்சாகும்படி வைத்தேன்: 'முழுக் கழுவலுக்கு 22 நிமிடம் என்று வைத்துப் போட்ட அட்டவணை இது. அளந்து பார்த்த நேரம் 57.' இப்படிச் செய்திருக்கிறேன் என்று மேனேஜருக்கு ஒரு மின்னஞ்சலும் அனுப்பினேன். அதை அவர் திறந்தே பார்க்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

மறுநாள் காலை என் நாத்தனார் அந்தத் தாளைத் தொட்டிப் பிரிவுச் சுவரில் ஒட்டினார். பக்கத்திலேயே மேனேஜர் கையெழுத்திட்ட விதியையும் ஒட்டினார். பிறகு ஐந்து பேரையும் கூப்பிட்டு ஒன்றே ஒன்று சொன்னாராம்: "இன்னையிலிருந்து சார் எழுதினபடிதான்."

பத்து மணிக்குள் முதல் தொட்டி நின்றது. பதினொரு மணிக்குள் மூன்றாம் தொட்டியும். மூட்டைகள் வந்து நடைபாதையில் குவிந்தன. கலக்குகிறவர்கள் டீ குடித்துவிட்டு வந்து மறுபடியும் டீ குடிக்கப் போனார்கள். மேனேஜர் இறங்கி வந்தார். பின்னாலேயே நானும் போனேன்.

என் நாத்தனார் ஒரு காலி டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ப்ளோயர் இரைந்துகொண்டிருந்தது. மடியில், எங்கள் சமையலறைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்த கடிகாரம்.

"என்ன பண்றீங்க இங்க?" என்று கத்தினார் மேனேஜர்.

"காத்து போறதுக்காக உட்கார்ந்திருக்கோம் சார். இன்னும் பதிமூணு நிமிஷம் இருக்கு."

"வேலைய நிறுத்தறீங்களா?"

"ஐயோ, நிறுத்தலையே! முன்ன செஞ்சது நீங்க சொல்லாத வேலை. இப்ப நீங்க எழுதினதை எழுத்துக்கு எழுத்து செஞ்சிட்டிருக்கோம். சுவத்துல பாருங்க, உங்க கையெழுத்துதான்."

"உங்க எல்லாரையும் மாத்திட்டு வேற ஆளுங்களைப் போட எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

அண்ணி எழுந்திருக்கவில்லை. "போடுங்க சார். வர்றவங்ககிட்ட சிட்டு ஆஸ்பத்திரில இருந்த கதையையும் நீங்களே சொல்லிடுங்க. நாங்க சொன்னா நல்லா இருக்காது." கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னெண்டு நிமிஷம்."

மேனேஜர் சுவர்ப் பக்கம் திரும்பி இரண்டு தாளையும் படித்தார். என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். விசாரணை நாளில் தாழ்ந்த தலை அன்று தாழவில்லை.

ஒவ்வொரு நிறமும் கலந்து இறங்கக் காத்திருந்ததும் சாப்பாட்டு நேரமும் போக, அன்று முடிந்தது பதினொன்றில் ஆறு கழுவல். மறுநாளும் ஆறு. மூன்றாம் நாள், இரண்டாக இருக்க வேண்டிய தாமத ஆர்டர் இருபத்தாறு ஆகியிருந்தது. நாலாம் நாள் காலை உதவியாளர் என் மேசைக்கு வந்து, மேனேஜர் அந்த ஐம்பத்தேழு போட்ட அட்டவணையைக் கேட்கிறார் என்றார். மன்னிப்பு, விளக்கம் எதுவும் கிடையாது. அடுத்த மாதம் இரண்டாவது ப்ளோயர் வந்தது. வாரத் தாமதம் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் நின்றது. மாடல் சொன்னபடியே.

எல்லாம் சுபம் என்று சொல்ல மாட்டேன். சிட்டு தொட்டிப் பக்கம் திரும்பி வரவில்லை. தின்னர் வாசனை பட்டாலே குமட்டுகிறது என்று டப்பாக்களுக்கு மூடி போடும் பிரிவுக்குப் போய்விட்டாள். கட்டளையை மீறியதாக எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. திட்டப் பிரிவின் தலைமைப் பதவிக்கு என் பெயரைப் பரிந்துரைத்திருந்தார்கள். அது அப்படியே மறைந்துவிட்டது. கடிதத்துக்குப் பதில் எழுதச் சொல்லியிருந்தார்கள். 'ஆம், மீறினேன். காரணம் இணைப்பில்' என்று எழுதி, பதினான்கு அளவுகளையும் வைத்து அனுப்பினேன். அதற்கு இன்றுவரை பதில் இல்லை.

நாத்தனார் எனக்கு நன்றி சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"கணக்கு, ஒருத்தியே ஒரு நாளைக்கு ரெண்டு தடவைக்கு மேல இறங்கக் கூடாது. அப்படி உன் மாடல்ல எழுத முடியுமா?"

"முடியும். உற்பத்தி இன்னும் கொஞ்சம் குறையும் அண்ணி. மேனேஜர் ஒத்துக்க மாட்டாரு."

"அவரு ஒத்துக்குவாரான்னா கேட்டேன்? எழுத முடியுமான்னு கேட்டேன்."

திங்கட்கிழமை எழுதினேன். ஒரே வரிதான், ஓடவிட்டுப் பார்த்தால் நூற்றுக்கு ஒன்று குறைந்தது. தாளை அச்சடித்து, தயாரித்தவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டு, மேனேஜர் அறைக் கதவைத் தட்டினேன்.